கை எங்கே போகிறது என்று பாருங்கள்

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்த கேள்வி இது: "கேன்ஸ், ஆஸ்கர், மெட் காலா சிவப்புக் கம்பளப் போட்டோக்களைப் போட்டு ஒருத்தர் அருமை என்கிறார், இன்னொருத்தர் சொதப்பல் என்கிறார். எதை வைத்துச் சொல்கிறார்கள்? நடிகை கட்டியதைப் பார்த்து அதே மாதிரி ரிசப்ஷனுக்குத் தைத்தோம், போட்டோவில் எடுபடவே இல்லை. காசு வித்தியாசம் மட்டும்தானுங்களா?"

காசு வித்தியாசம் உண்டுங்க, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் இதில் இரண்டு விஷயம் பின்னிக் கிடக்கிறது. போட்டிருப்பது நல்ல உடையா என்பது ஒன்று. போட்டவருக்கென்று ஒரு ரசனை இருக்கிறதா என்பது வேறொன்று. முதலாவதை ஒரு விழாவின் வீடியோவை வைத்தே சொல்லிவிடலாம். இரண்டாவதைச் சொல்ல அதே ஆளைப் பல வருடம் கவனித்திருக்க வேண்டும்.

வீடியோ என்று சொல்லக் காரணம் இருக்கிறது. நடிகையின் ஸ்டைலிஸ்ட் வெளியிடும் படம் நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து பொறுக்கியது. சுருக்கத்தை எடுத்திருப்பார்கள், இடுப்பைச் செதுக்கியிருப்பார்கள். செய்தி நிறுவனப் புகைப்படக்காரர்கள் எடுத்ததில் அந்த வேலை குறைவு. வீடியோவில் ஒளிக்கவே முடியாது. சத்தத்தை அணைத்துவிட்டு, முகத்தை விட்டுவிட்டு, கையைப் பாருங்கள். காரிலிருந்து இறங்கி இருபது அடி நடப்பதற்குள் கை எத்தனை தடவை உடைக்குப் போகிறது, எந்த இடத்துக்குப் போகிறது என்பதில் பாதித் தீர்ப்பு வந்துவிடும்.

கை நெஞ்சுப் பக்கம் போய் மேலே இழுத்துவிட்டால், தோளில் பட்டை இல்லாத கவுனின் பாரம் தப்பான இடத்தில் நிற்கிறது என்று பொருள். அந்த மாதிரி கவுனுக்கு உள்ளே இடுப்பைச் சுற்றித் தனியாக ஒரு பட்டை நாடா தைத்து, கொக்கி போட்டிருப்பார்கள். கவுனின் எடை முழுவதையும் அந்த நாடாதான் தாங்க வேண்டும். மேல்பகுதியில் வைத்துத் தைத்த மெல்லிய கம்பிகள் துணியை நிமிர்த்திப் பிடிக்க மட்டுமே. நாடா தளர்ந்தால் எடை மேல்பகுதிக்குப் போகும், துணி சரியும், கை தானாக மேலே போகும். கை தோளுக்குப் போனால் கழுத்து அகலம் அதிகம். தொடைப் பக்கம் போய்த் துணியைத் தூக்கினால் நீளம் அதிகம், அல்லது அளவெடுத்தபோது போட்டிருந்த செருப்பு வேறு. 2013 ஆஸ்கரில் ஜெனிஃபர் லாரன்ஸ் விருது வாங்கப் போகும்போது படியில் தடுக்கி விழுந்தது நினைவிருக்கும். டியோர் கவுன், படத்தில் பிரமாதம். நிற்பதற்கு வெட்டிய உடையில் படியேறினால் முன்பக்கத்தை இரண்டு கையாலும் தூக்கியே ஆக வேண்டும்.

அடுத்தது சுருக்கம். நல்ல டெய்லர் ஒருவர் ட்ரையல் பார்க்கும்போது கவனியுங்கள், கண் முதலில் சுருக்கத்துக்குத்தான் போகும். சுருக்கம் ஓர் அம்புக்குறி மாதிரி, கோளாறு இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும். குறுக்குக் கோடாக இழுத்துப் பிடித்திருந்தால் அங்கே துணி போதவில்லை. நெடுக்காகத் தொளதொளவென்று விழுந்தால் அங்கே துணி மிச்சம். சாய்வாக ஓடினால் அதன் ஒரு முனை எங்கே போய் முடிகிறதோ, அங்கேதான் தப்பு. ஜாக்கெட்டில் அக்குளிலிருந்து மார்பு நோக்கிச் சாய்வாகக் கோடு விழுந்தால் பெரும்பாலும் டாட் (மார்பு வடிவுக்குப் பிடித்துத் தைக்கும் மடிப்பு) போதவில்லை, அல்லது ஆம்கோல் (கை பொருத்தும் வளைவு) வெட்டு சரியில்லை. லட்ச ரூபாய் துணியானாலும் இந்தக் கோடு விழுந்தால் விழுந்ததுதான்.

ஆண்களின் கோட்டில் இதைவிடச் சுலபம். ஒற்றைப் பட்டனைப் போட்டதும் அந்த இடத்தில் பெருக்கல் குறி மாதிரி இழுத்தால் இடுப்பு பிடிக்கிறது. பின்கழுத்தில் கோட் காலருக்கும் சட்டைக் காலருக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் முதுகு வெட்டு அவர் உடம்புக்கு உரியதல்ல. கை தொங்கும்போது சட்டையின் கஃப் கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலம் வரை வெளியே தெரிய வேண்டும். தோள் தையல் தோள் எலும்பு முடியும் இடத்திலேயே முடிய வேண்டும். மற்றதையெல்லாம் பிரித்துத் திருத்தலாம், தோளை மட்டும் திருத்துவதைவிடப் புதிதாகத் தைப்பது மேல். மாலை விருந்துகளுக்குப் போடும் டக்ஸிடோ சூட் என்றால் காலர் மடிப்பில் சாட்டின் இருக்கும், கால்சட்டைப் பக்கவாட்டில் சாட்டின் பட்டை ஓடும், பெல்ட் போடும் வளையமே இருக்காது. அதில் பெல்ட்டைக் கட்டி வந்தால் சாதா சூட்டுக்கும் டக்ஸிடோவுக்கும் வித்தியாசம் தெரியாதவர் உடுத்திவிட்டார் என்று அர்த்தம். நம் பக்கம் ரிசப்ஷன் மேடைகளில் இன்னும் இரண்டு உண்டு: கை நுனியில் கம்பெனி லேபிளை அப்படியே விட்டுவிடுவது, பின்பக்க வெட்டுக்குக் குறுக்கே கடைக்காரர் போட்ட தற்காலிக நூலைப் பிரிக்காமல் விடுவது. இரண்டும் வாங்கியவுடன் பிரிக்க வேண்டியவை. ஒரு பிளேடு போதும்.

உடையை மட்டும் பார்த்தால் போதாது, எந்த வாசலுக்குப் போட்டது என்றும் பார்க்க வேண்டும். இங்கேதான் விமர்சனங்கள் அதிகம் தடுமாறுகின்றன. கேன்ஸ் திரைப்பட விழாவில் 24 படி ஏற வேண்டும். 2025 முதல் அங்கே நிர்வாணம் கூடாது, நடமாட்டத்தை மறிக்கும் பெரிய வால் வைத்த உடைகளும் கூடாது என்று எழுத்தில் விதி வந்துவிட்டது. மெட் காலா அப்படியே தலைகீழ். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் ஆடைப் பிரிவுக்கு நிதி திரட்ட 1948-இல் தொடங்கிய விருந்து அது. ஒவ்வொரு வருடமும் ஒரு பொருள் கொடுப்பார்கள், அதற்கு உடையால் பதில் சொல்ல வேண்டும். 2024-இல் ஆலியா பட் கட்டிய, சப்யசாசி வடிவமைத்த சேலைக்கு 163 கைவினைஞர்கள் 1965 மணி நேரம் உழைத்தார்கள் என்று கணக்குக் கொடுத்தார்கள். தரையில் இழுபட்ட முந்தி 23 அடி. நம் வீட்டுச் சேலை முழுவதும் சேர்த்தே ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடிதான். மெட் படிக்கட்டில் அது சரியான பதில். அதே முந்தியோடு கேன்ஸுக்குப் போனால் வாசலிலேயே பேச்சு வளரும்.

2025 மெட் காலாவின் பொருள் கறுப்பினத்தவரின் தையல் மரபு. பஞ்சாபிப் பாடகர் தில்ஜித் தோசாஞ்ச் தலைப்பாகையோடும், பஞ்சாபின் வரைபடமும் குர்முகி எழுத்தும் பின்னிய நீண்ட மேலங்கியோடும் வந்தார். ஷாருக் கான் கறுப்புக் கம்பளி நீள்கோட்டும் பெரிய 'கே' எழுத்துப் பதக்கமும் போட்டு வந்தார். இரண்டுமே நன்றாகத் தைத்தவை. ஆனால், தன் மண்ணின் தையலை முன்வைத்து அந்த வருடப் பொருளோடு பேசியது தில்ஜித்தின் உடை. ஷாருக்கின் உடை ஷாருக்கைப் பற்றி மட்டும் பேசியது. என் மதிப்பெண் முதலாமவருக்கே. கம்பளத்தைப் பற்றியும் ஒன்று: 2023-இல் அந்தப் படிக்கட்டில் விரித்தது கேரளத்துச் சேர்த்தலையில் நெய்தது. பவானியில் ஜமக்காளம் நெய்யும் தறிக்காரருக்கு அந்த உலகம் நாம் நினைக்கிற அளவு தூரமில்லை. ஆஸ்கரில் 1961 முதல் விரித்து வந்த சிவப்பையும் அதே 2023-இல் ஷாம்பெய்ன் நிறத்துக்கு மாற்றினார்கள். வெளிர்நிற உடைகள் அந்தத் தரையோடு கரைந்து போயின. பின்னணி நிறம் பார்க்காமல் உடை தேர்ந்தால் இதுதான் நடக்கும். மண்டப மேடையின் பின்திரை என்ன நிறம் என்று கேட்காமல் சேலை எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

நிறம் என்றதும் ஒரு ஒப்பீடு. 2002 கேன்ஸில் ஐஸ்வர்யா ராய் மஞ்சள் சேலையும் கனத்த தங்க நகையும் அணிந்திருந்தார். 2025-இல் அதே கேன்ஸுக்கு யானைத் தந்த நிறப் பனாரஸ் சேலை, கழுத்தில் சிவப்புக் கற்கள், வகிட்டில் குங்குமம். முதலாவதில் மஞ்சள் மேல் மஞ்சள் விழுந்து நகையும் சேலையும் ஒன்றையொன்று தின்றன. இரண்டாவதில் வெள்ளையில் சிவப்பு தனியாக நின்றது, கண்ணுக்கு எங்கே போவதென்று தெரிந்தது. மாம்பழ மஞ்சள் பட்டின் மேல் காசுமாலை, ஆரம், ஒட்டியாணம் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, "பத்துப் பவுன் ஆரம் போட்டோவில் தெரியவே இல்லை" என்று வருந்துவதற்கும் இதே காரணம்தான். 2022-இல் நயன்தாரா கல்யாணத்துக்குச் செக்கச் சிவந்த சேலையும் பச்சை மரகதமும் அணிந்தது நின்றதற்கும் எதிர்நிறம்தான் காரணம்.

இனி ரசனை. சிவப்புக் கம்பளத்தை மட்டும் பார்த்து ஒருவரின் ரசனையைச் சொல்ல முடியாது, காரணம் அங்கே அணிவதில் பாதி இரவல், மீதி ஒப்பந்தம். கவுன் நிறுவனத்துடையது, நகை மறுநாள் பெட்டிக்குத் திரும்பும். தீபிகா படுகோன் 2022 முதல் லூயி வுய்ட்டான் நிறுவனத்தின் தூதர். 2023 ஆஸ்கர் மேடையில் அவர் அணிந்ததும் அந்த நிறுவனத்தின் கறுப்பு கவுன். அது அழகான உடைதான், ஆனால் அதை வைத்து அவருடைய அலமாரியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

அதனால் வேறு சில இடங்களில் தேட வேண்டியிருக்கிறது. ஒன்று, மறுபடி உடுத்துகிறாரா? கேட் பிளான்செட் 2014 கோல்டன் குளோப்ஸில் அணிந்த அர்மானி கவுனையே 2018 கேன்ஸிலும் அணிந்தார், அதுவும் நடுவர் குழுத் தலைவராக. இரண்டு, தானே சேர்த்துக்கொண்ட ஒன்று இருக்கிறதா? 1996 ஆஸ்கரில் ஷரோன் ஸ்டோன் கடையில் எல்லோரும் வாங்குகிற, கேப் (Gap) நிறுவனத்தின் பனியன் சட்டையை அணிந்து வந்தார். திருப்பூர்க்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும்: பின்னலாடையாக இருந்தாலும் கழுத்துப் பட்டை அலை அலையாக நெளியாமல் படிந்திருந்தால் ஆஸ்கர் வரைக்கும் போகலாம். மூன்று, வருடங்கள் மாறியும் மாறாதது எது? ரேகா எந்த விருது விழாவுக்கு வந்தாலும் பெரும்பாலும் காஞ்சிப் பட்டு, தங்கம், அடர்சிவப்பு உதட்டுச்சாயம். பாடகி உஷா உதுப் காஞ்சிப் பட்டுக்குக் கீழே சேலைத் துணி ஒட்டிய ஷூ போட்டு மேடையேறுகிறார், நெற்றியில் பெரிய பொட்டு. நிழலைப் பார்த்தே ஆளைச் சொல்லலாம். ரஜினிகாந்த் சாயமும் டோப்பாவும் இல்லாமல் பொது இடத்துக்கு வருவதும், அஜித் நரைத்த தலையை மறைக்காமல் விட்டதும் இந்த வகைதான். நம் ஊரில் பின்கொசுவம் வைத்துக் கட்டிய பாட்டிமார்களுக்கு இந்தப் பாடத்தை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

2001 ஆஸ்கருக்கு ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் அணிந்த அன்னப்பறவை உடையை அப்போது எல்லோரும் கேலி செய்தார்கள். அது மோசமான உடையா? தையல் கணக்கில் இல்லை, அவருடைய பாட்டும் மேடையும் எப்படியோ அப்படியே இருந்தது அந்த உடை. 2015-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். நமக்குப் பிடிக்கவில்லை என்பதும், அது பிழை என்பதும் ஒன்றல்ல. 1960-இல் பிளாக்வெல் என்பவர் 'மோசமாக உடுத்தியவர்கள்' பட்டியலைத் தொடங்கியதிலிருந்து இந்த இரண்டையும் கலந்து விற்பது ஒரு பிழைப்பாகிவிட்டது. உடம்பு பருமன், வயது, நிறம் பற்றிய பேச்சு உடை விமர்சனமே அல்ல, அதை அங்கேயே கடந்து போய்விடலாம்.

சரி, உங்கள் ரிசப்ஷன் சேலைக்கு வருவோம். எடுபடாமல் போனதற்குப் பெரும்பாலும் சேலை காரணமாக இருக்காது, உள்கட்டுதான் காரணம். கம்பளத்தில் நீங்கள் பார்க்கும் சேலை பல சமயம் சேலையே இல்லை: இடுப்பைப் பிடிக்கும் உள்பாவாடையில் கொசுவத்தைத் தைத்து, முந்தியைத் தோளில் நிரந்தரமாகக் குத்தி, பின்னால் ஜிப் வைத்த ஓர் உடை. ஜாக்கெட்டுக்குள் கப்பும் கம்பியும் இருக்கும், தோளில் உடம்போடு ஒட்டும் டேப் இருக்கும். மூன்று மணி நேரம் நின்றால் போதும், அதற்குமேல் அதற்கு வேலை இல்லை. அந்தப் படத்தைக் காட்டி, பருத்தி லைனிங் மட்டும் வைத்து, பின்கழுத்தை ஒன்பது அங்குலம் இறக்கித் தைத்தால் தோள் சரியாமல் என்ன செய்யும்? பின்கழுத்து ஆழமாக வேண்டுமானால் முன்கழுத்தை ஏற்றுங்கள், தோள் அகலத்தைக் குறையுங்கள், மேலே ஒரு நாடா முடிச்சு வையுங்கள். முன்னும் பின்னும் சேர்ந்து இறங்கினால் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொள்ள உடம்பில் இடமே இல்லை.

ஆரி வேலை இன்னொரு சுமை. கல், மணி, சர்தோசி என்று கழுத்தையும் கையையும் நிறைத்துவிட்டால் அந்த எடை தோளைக் கீழே இழுக்கும், முழங்கை மடங்கும் இடத்தில் கை பிடிக்கும், குத்தும். முதலில் பழைய பருத்தித் துணியில் அளவு பார்க்க ஒரு சோதனை ஜாக்கெட் தைத்துப் போட்டு, உட்கார்ந்து, இரண்டு கையையும் மாலை வாங்குவது போல் தூக்கிப் பாருங்கள். அது சரியான பிறகு அந்த அளவைப் பட்டுத் துணியில் வரைந்து, கோட்டுக்கு வெளியே ஒரு அங்குலமாவது விட்டு ஆரிக்குக் கொடுக்க வேண்டும்; சட்டத்தில் கட்டி ஊசி ஏறிய துணி கொஞ்சம் உள்வாங்கும். ஆரி போட்டபின் அளவு தப்பினால் பிரித்துத் தைக்க வழியில்லை. முகூர்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஆரிக்குக் கொடுத்தால் இந்தச் சோதனை ஜாக்கெட்டைத்தான் முதலில் தவிர்ப்பார்கள், தப்பு தொடங்குவதும் அங்கேதான்.

துணி விழும் விதமும் பார்க்க வேண்டும். படத்தில் இருந்தது ஜார்ஜெட்டாக இருந்து நீங்கள் எடுத்தது கோவை கோரா காட்டனாக இருந்தால், எத்தனை பின்னு குத்தினாலும் அந்த ஓட்டம் வராது. கோரா நிமிர்ந்து நிற்கும், இடுப்பில் உப்பும். அதற்கு உரிய அழகு நேர்மடிப்பு: ஐந்தங்குல அகலத்தில் ஐந்தாறு கொசுவம், முந்தைய நாளே மடித்துத் தேய்த்து கிளிப் போட்டு வைக்க வேண்டும். உடம்போடு வழிய வேண்டுமென்றால் சிறுமுகை மென்பட்டு எடுங்கள். மென்பட்டில் பின்னு நேராகக் குத்தினால் இழை கிழியும், அடியில் சின்னத் துணித் துண்டு வைத்துக் குத்துங்கள். ஃபால்ஸ் தைக்கும் முன்பே அன்றைக்குப் போடப் போகும் செருப்பைப் போட்டு நீளம் பாருங்கள். உள்ளாடை வெள்ளையாக இருந்தால் மெல்லிய துணிக்கு அடியில் ஃபிளாஷ் அதைப் பிடித்துக் காட்டும். தோல் நிறத்தில் இருந்தால் காட்டாது. முகப் பவுடரிலும் இதே கதை: சிலிக்கா கலந்த வெள்ளைப் பவுடர் கண்ணாடியில் தெரியாது, ஃபிளாஷில் திட்டுத் திட்டாக வெளுக்கும். மேக்கப் முடிந்ததும் செல்போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை பக்கம் கோட்தான் மரியாதை என்று யாராவது சொன்னால், 2019 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜி நோபல் பரிசை வேட்டியும் கழுத்து மூடிய பந்த்கலா கோட்டும் அணிந்துதான் வாங்கினார், உடன் பரிசு பெற்ற அவர் மனைவி எஸ்தர் டுஃப்லோ சேலையில் நின்றார் என்று சொல்லுங்கள். வேட்டி நன்றாக நிற்க வேண்டுமானால் எட்டு முழ இரட்டை வேட்டி எடுங்கள். நாலு முழ ஒற்றையில் மேடை விளக்கு ஊடுருவி உள்ளே போட்ட டிரவுசரின் நிழல் தெரியும். சேலம் வெண்பட்டு பால் நிறம், நீலம் போட்ட பளீர் வெள்ளைச் சட்டையை அதற்கு மேல் போட்டால் எல்ஈடி வெளிச்சத்தில் பட்டு அழுக்கு மாதிரி தெரியும். சட்டையும் அதே பால் நிறத்தில் இருக்கட்டும். கரை முன்னால் நேர்க்கோடாக இறங்க வேண்டும், கீழ்விளிம்பு இரண்டு காலுக்கும் ஒரே மட்டம். சட்டைப் பையில் செல்போன் வேண்டாம், இடது பக்கம் முழுவதும் தொங்கிப் போகும்.

அடுத்த தடவை டெய்லரிடம் போகும்போது ஒரு படம் மட்டும் கொண்டு போகாதீர்கள். அதே உடையின் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் மூன்றும் வேண்டும், முடிந்தால் நடந்து வரும் வீடியோவும். முன்பக்கப் படத்தை மட்டும் காட்டினால் பின்பக்கத்தை அவர் தனக்குப் பழகிய மாதிரிதான் வெட்டுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.